கொழுப்புக்கும் வயசாகும்

நேயர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரியில் என் கிளினிக்குக்குச் சில மாதங்களுக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை ஓர் அம்மா வந்தார். வயது 61. தேயிலைத் தோட்டத்தில் 35 வருஷம் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. கால் பெருவிரலில் ஒரு சின்னப் புண், ஒரு மாதமாக ஆறவில்லை, அதைக் காட்டத்தான் வந்தார். விரல் நுனியில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 286. காலையில் என்ன சாப்பிட்டீங்க அக்கா என்று கேட்டேன். ஒரு டீதான் என்றார். அப்புறம் அந்தச் சின்ன மிஷினை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல ஏதோ தப்பு இருக்கு டாக்டரம்மா. என்னைப் பாருங்க, நான் குண்டாவா இருக்கேன்?"

குண்டாக இல்லைதான். 152 சென்டிமீட்டர் உயரம், 51 கிலோ எடை. உயரத்துக்கு ஏற்ற எடை. ஆனால் இடுப்பில் டேப் வைத்தபோது 86 சென்டிமீட்டர் வந்தது. "ஆமா, பாவாடை நாடா எட்டவே மாட்டேங்குது. போன வருஷம் நீளமா வேற நாடா வாங்கிக் கோத்தேன்" என்றார். நான் ஒன்றும் கேட்காமலே அடுத்ததையும் சொன்னார்: "ஆனா ரவிக்கை கை மட்டும் தொளதொளன்னு போச்சு. டெய்லர்கிட்ட குடுத்துப் பிடிச்சுக்கிட்டேன்."

நாடா எட்டவில்லை. ரவிக்கைக் கை தொளதொளக்கிறது. மூன்று வருஷத்தில் எடை மிஷினின் முள் அதிகம் நகரவில்லை. அவருக்கு ஏன் சர்க்கரை வந்தது என்ற கதையில் ஒரு பெரிய பங்கு இந்த மூன்றுக்குள் இருக்கிறது. இன்றைக்கு அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

தமிழில் கொழுப்பு என்பது ஒரு வசவு. "உனக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு" என்கிறோம். "கொழுப்பெடுத்துப் பேசாதே" என்கிறோம். திமிரும் கொழுப்பும் நமக்கு ஒன்றுதான். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி வேறு. ஆக, கொழுப்பு என்றாலே கரைத்துத் தள்ள வேண்டிய சமாச்சாரம் என்று மனதில் பதிந்துபோய்விட்டது. மருத்துவம் படித்த எங்களுக்கும் அப்படித்தான். உடற்கூறு வகுப்பில், கொழுப்பை வழித்து ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் நரம்பையும் ரத்தக் குழாயையும் தேடுவோம். வழித்துப் போட்டதைப் பற்றி எந்தப் பரீட்சையிலும் ஒரு கேள்வி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

1994ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சுரப்பது கொழுப்புச் செல். "இருப்பு இவ்வளவு இருக்கிறது, பசியைக் குறைத்துக்கொள்" என்று மூளைக்குப் போகும் சேதி அது. பின்னாலேயே அடிபோனெக்டின் என்று இன்னொன்று தெரியவந்தது. இது இன்சுலினுக்குத் துணைநிற்கும் ஹார்மோன். நாங்கள் வழித்து ஓரமாகப் போட்டது ஒரு சுரப்பி.

அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. மிக மிக அரிதாகச் சில குழந்தைகள் கொழுப்புத் திசு கிட்டத்தட்ட இல்லாமலே பிறக்கிறார்கள். தோலுக்கு அடியில் ஒன்றுமே இருக்காது, தசை அப்படியே எடுத்துக்காட்டும். கொழுப்பே இல்லாதவர்களுக்குச் சர்க்கரை எப்படி வரும் என்று நினைக்கத் தோன்றும். வருகிறது. சின்ன வயதிலேயே, மிகக் கடுமையாக வருகிறது. கல்லீரல் முழுக்கக் கொழுப்பு ஏறிப் பருத்துவிடுகிறது. ஏனென்றால் சாப்பாட்டில் மிஞ்சியதை வைக்க வேண்டிய இடம் அவர்கள் உடம்பில் இல்லை.

இதை நம் மலைக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். கிழங்கு எடுக்கும் காலத்தில் மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு லாரி ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறது. அங்கே குடோன் உண்டு, இறக்க ஆள் உண்டு, ஏலம் எடுக்க வியாபாரி உண்டு. ஒரு மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைத்துக்கொண்டால்? மூட்டை உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும். திண்ணை நிறைந்தால் நடைக்கு வரும், அப்புறம் படுக்கிற அறைக்கு. வெளிச்சம் பட்டது பச்சை பூக்கும், சிலது முளை விடும். கிழங்கின்மேல் ஒரு குற்றமும் இல்லை. அது இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் சமைக்க முடியாது, நடமாட முடியாது.

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புதான் நம் உடம்பின் மேட்டுப்பாளையம் மண்டி. தொடை, இடுப்பின் பின்புறம், புஜம் இங்கெல்லாம் இருப்பது. சாப்பிட்டவுடன் இன்சுலின் வந்து மண்டி மேஸ்திரி மாதிரி நின்றுகொண்டு, "இறக்கு, உள்ளே அடுக்கு, வெளியே ஒன்றும் விடாதே" என்று வேலை வாங்கும். இன்சுலினைப் பூட்டுக்குச் சாவி என்று நிறையப் பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தசைக்கு அது பொருந்தலாம். கொழுப்புச் செல்லைப் பொறுத்தவரை எனக்கு மேஸ்திரிதான் பொருத்தமாகப் படுகிறது.

இந்த மண்டிக்கு வயசானால் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

முதலில், ஒரு கொழுப்புச் செல்லுக்கு வயசு எத்தனை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்தால் தெரியும். செல்லுக்கு? இதற்குக் கைகொடுத்தது அணுகுண்டு. 1950களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்து வெடித்துப் பார்த்தன. அதனால் காற்றில் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன் மளமளவென்று ஏறியது. அந்த வருஷம் ஒப்பந்தம் போட்டு நிறுத்திய பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. காற்றில் இருப்பது செடிக்குப் போகிறது, செடியிலிருந்து நமக்கு வருகிறது. அந்த நாளில் இந்தச் சரிவுகளில் துளிர்த்த தேயிலைக் கொழுந்திலும் அது இருந்திருக்கும். ஒரு செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏவில் சேர்ந்துகொள்ளும் கார்பன், அந்த வருஷத்துக் காற்று குத்திய தேதி முத்திரை.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் அவருடன் இருந்தவர்களும் அந்த முத்திரையைப் படித்து 2008ல் வெளியிட்டார்கள். பெரியவர்கள் உடம்பில் வருஷத்துக்கு நூற்றுக்குச் சுமார் பத்துக் கொழுப்புச் செல்கள் செத்துப்போகின்றன, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. மொத்த எண்ணிக்கை அப்படியே நிற்கிறது. எடையை நிறையக் குறைத்தவர்களுக்குக்கூடச் செல் சுருங்குகிறதே தவிர, எண்ணிக்கை குறையவில்லை. கொழுப்பைக் கரைத்தேன் என்று யாராவது சொன்னால், குடோனைக் காலி செய்திருக்கிறார், கட்டடம் அங்கேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஊர் ஆய்வாளர்கள் 2019ல் இன்னொன்று சொன்னார்கள். 54 பேரைச் சராசரியாக 13 வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில், வயசு ஏற ஏறக் கொழுப்புச் செல்லிலிருந்து சரக்கு வெளியேறும் வேகம் எல்லாருக்கும் குறைந்திருந்தது. எடை கூடியவருக்கும் குறைந்தது, எடை இறங்கியவருக்கும் குறைந்தது. உள்ளே போவதை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளாதவர்களுக்கு எடை கூடியது. "முன்ன சாப்பிட்ட அதே சாப்பாடுதான் டாக்டர், வயிறு மட்டும் போடுது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அதே சாப்பாடு என்பதுதான் சிக்கல்.

இதைவிட முக்கியமான ஒன்று செல்லின் உள்ளே நடக்கிறது. புதுக் கொழுப்புச் செல் வானத்திலிருந்து விழாது. கொழுப்புத் திசுவுக்குள்ளேயே நாற்றுச் செல்கள் இருக்கின்றன. தேவைப்படும்போது அவை பிரிந்து, வளர்ந்து, எண்ணெய் வாங்கி வைக்கும் செல்லாக மாற வேண்டும். ஆனால் மனித செல் எல்லையில்லாமல் பிரியாது. 1961ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் லெனார்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் இருவரும் காட்டியது அது. கிண்ணத்தில் வளர்க்கும் மனித செல் சுமார் ஐம்பது தடவை பிரிந்ததும் நின்றுவிடுகிறது. நின்றாலும் சாவதில்லை. வயசும் அடியும் பட்ட நாற்றுச் செல்களில் சில இப்படித்தான் நின்றுபோகின்றன. மூப்படைந்த செல் என்று இதைச் சொல்லலாம்.

எனக்கு இது ஓய்வு பெற்ற பிறகு தோட்டத்து லயன் வீட்டைக் காலி செய்யாத ஆள் மாதிரி. வேலைக்கும் போவதில்லை, வீட்டையும் விடுவதில்லை, நாள் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து லயன் முழுவதையும் கூட்டிச் சத்தம். பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், செல்லைத்தான் சொல்கிறேன். இந்தச் சத்தத்துக்குப் பெயர் உண்டு: இன்டர்லூகின் 6, டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்னும் பல. காயம் பட்ட இடத்துக்கு உதவிக்கு ஆள் கூப்பிட உடம்பு சுரக்கும் பொருள்கள்தான் இவை. காயம் இருந்தால் சரி, நாலு நாளில் அடங்கிவிடும். இங்கே காயமே இல்லை, கூப்பாடு மட்டும் வருஷக்கணக்கில் நிற்காது. சத்தம் கேட்டு ரத்தத்திலிருந்து துப்புரவுச் செல்கள் வந்து மொய்க்கும், அவையும் தங்கள் பங்குக்குச் சத்தம் போடும். பக்கத்துச் செல் இன்சுலின் சொல்வதைக் காதில் வாங்காது. மோசமானது என்னவென்றால், நல்லபடியாக இருந்த அக்கம்பக்கத்துச் செல்களும் இதைக் கேட்டுக் கேட்டே மூப்படைந்துவிடும். மூட்டையில் ஒரு கிழங்கு அழுகினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை செல் கெட்டால் பாதிப்பு தெரியும்? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜேம்ஸ் கிர்க்லாண்ட் குழுவினர் 2018ல் ஓர் எலிச் சோதனையைச் சொன்னார்கள். கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த மூப்படைந்த நாற்றுச் செல்களை இள எலிகளின் உடம்பில் வைத்தார்கள். மொத்த செல்களில் ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவுதான். அந்த இள எலிகளின் நடை வேகமும் பிடி வலுவும் குறைந்துபோயின. படித்தபோது நான் அந்த எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

இப்போது அந்த அம்மாவின் ரவிக்கைக் கைக்கு வரலாம். புஜத்திலும் தொடையிலும் தோலுக்கு அடியில் இருக்கும் நல்ல குடோன் வயசாக ஆகப் புதுச் சரக்கை ஏற்க மாட்டேன் என்கிறது. அங்கே சுருங்குகிறது. கூடவே தசையும் கரைகிறது, கை தளர்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு. மிஞ்சிய சரக்கு வயிற்றுக்குள் போகிறது, குடலைச் சுற்றி. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு இந்த இடமாற்றம் இன்னும் வேகமாகிறது. அதனால் எடை அப்படியே இருக்க, நாடா மட்டும் எட்டாமல் போகிறது.

குடலைச் சுற்றிய கொழுப்புக்கு ஒரு தனிக் கெட்ட குணம். அங்கிருந்து கிளம்பும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. அந்தக் கொழுப்பு கக்கும் கொழுப்பமிலமும் சத்தமும் முதலில் போய்ச் சேரும் இடம் அது. இன்றைக்கு யார் ஸ்கேன் எடுத்தாலும் ஃபேட்டி லிவர் என்று எழுதி வருகிறது பாருங்கள், அது திண்ணைக்கு வந்த மூட்டை. கல்லீரலின் வேலைகளில் ஒன்று, நாம் சாப்பிடாத நேரத்தில் சர்க்கரை தயாரித்து ரத்தத்துக்கு விடுவது. இன்சுலின் வந்து போதும் என்று சொன்னால் நிறுத்த வேண்டும். கொழுப்பேறிய கல்லீரலுக்கு அது காதில் விழுவதில்லை, ராத்திரி முழுக்கத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. நேற்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடவில்லையே, காலையில் எப்படி 180 என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். தசைக்குள்ளும் கொழுப்பு கசிய, அதுவும் சர்க்கரையை வாங்கத் தயங்குகிறது. கணையம் இரட்டிப்பு இன்சுலினைச் சுரந்து சில வருஷம் சமாளிக்கும். அந்த வருஷங்களில் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும், நமக்கு ஒன்றும் தெரியாது. கணையம் எப்போது களைத்துப்போகிறதோ அப்போது மிஷினில் 286.

எல்லாம் இதனால்தான் என்று சொல்ல மாட்டேன். சிறு பிள்ளைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் முற்றிலும் வேறு கதை. பரம்பரை இருக்கிறது, கணையத்தின் பலம் ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் ஒல்லியானவருக்கு எப்படி என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அந்தக் கேள்வி நம்மைப் போன்றவர்களுக்கே உரியது. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் ஜான் யுட்கினும் 2004ல் ஒரு படம் வெளியிட்டார்கள், தாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. அதே புனேயில், பிறந்த குழந்தைகளை அளந்ததில், நம் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை குறைவு, தசை குறைவு, ஆனால் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. நம் தோலடிக் குடோனே சின்னது, சீக்கிரம் நிறைந்து வழிகிறது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அதனால்தான் நமக்கு இடுப்பளவு வரம்பைத் தனியாக வைத்திருக்கிறார்கள்: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80.

இங்கே ஒரு சின்ன விலகல், நம் ஊர்ப் பெருமை என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் உணவைப் பற்றிய ஆராய்ச்சி பிறந்தது குன்னூரில். 1918ல் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன், வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். ஒவ்வொரு பிரதேசத்துச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் தின்ற வடக்கத்தி எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாடு தின்ற எலி சோடை. அந்த அறைதான் வளர்ந்து 1958ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. குன்னூரில் அன்றைக்குக் கேட்ட கேள்வி, இந்த ஜனங்களுக்கு என்ன குறைகிறது என்பது. சாப்பாடு குறைந்திருந்த காலத்தில் தலைமுறை தலைமுறையாக அரைவயிற்றுக்குப் பழகிய உடம்பு, இன்றைக்கு முழு வயிற்றைச் சந்திக்கிறது. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கில் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அந்த அறையில் இருந்த எலிகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சரி, கொழுப்புக்கு வயசாவதென்றால் அறுபதுக்கு மேல்தான் என்று இளவட்டங்கள் ரேடியோவை அணைத்துவிட வேண்டாம். செல்லின் வயசுக்கும் ரேஷன் கார்டில் இருக்கும் வயசுக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். ஸ்டாக்ஹோம்காரர்கள் 2021ல் சொன்னது இதுதான்: ரத்தத்தில் இன்சுலின் எந்நேரமும் உயர்ந்தே இருந்தால், முழுதாக வளர்ந்த கொழுப்புச் செல்லும் மறுபடி பிரிவதற்கான ஆயத்தத்தைத் தொடங்குகிறது. ஆனால் அதனால் பிரிய முடிவதில்லை. பாதியில் சிக்கி மூப்படைந்துவிடுகிறது. பருத்த உடம்பிலும் இன்சுலின் ஏறிய உடம்பிலும் இது முன்கூட்டியே நடக்கிறது. மூப்படைந்த செல் இன்சுலினை வேலை செய்ய விடாது. அதனால் கணையம் இன்னும் சுரக்கிறது. சுரக்கச் சுரக்க இன்னும் செல்கள் மூப்படைகின்றன. முப்பத்தைந்து வயது டிரைவர் தம்பிகள், பகலெல்லாம் ஸ்டியரிங், வழியில் டீக்கு டீ, கூட வர்க்கி, தொப்பை பெல்ட்டுக்கு மேல். அவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால், உங்களைத்தான் சொல்கிறேன் தம்பி.

மூப்படைந்த செல்லை மட்டும் பொறுக்கி அழிக்க மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். முயற்சி நடக்கிறது. டாசாடினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மாத்திரையையும் குவெர்சிடின் என்ற தாவரப் பொருளையும் சேர்த்துச் சிறுநீரகம் பாதித்த 9 சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்றே நாள் கொடுத்து, 11 நாள் கழித்து அவர்கள் வயிற்றுத் தோலடிக் கொழுப்பை எடுத்துப் பார்த்தார்கள். மூப்படைந்த செல்கள் குறைந்திருந்தன. 2019ல் வந்த சேதி. 9 பேர் என்பதை மறக்காதீர்கள். அதனால் சர்க்கரை நோய் தீர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. டாசாடினிப் புற்றுநோய் மருந்து, பக்க விளைவுகள் சாதாரணம் கிடையாது. இதை ஒரு கூட்டத்தில் நான் சொன்னபோது ஒருவர் எழுந்து, குவெர்சிடின் எதில் இருக்கிறது என்று கேட்டார். வெங்காயத்தில் இருக்கிறது என்றேன். மறுவாரம் என் கிளினிக்கில் மூன்று பேர் பச்சை வெங்காய வாசனையோடு வந்தார்கள். வெங்காயம் நல்லதுதான், குழம்பில் போடுங்கள். அந்த மாத்திரையில் இருக்கும் அளவுக்கு வெங்காயம் தின்னப் பார்த்தால் வீட்டில் யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள்.

குடோனுக்கு வயசாவதைத் திருப்ப முடியாவிட்டாலும், உள்ளே வரும் சரக்கைக் குறைக்கலாம். அந்த அம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஆறு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு 5 கிராம். 60 கிராம் ஆயிற்று. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. வேலைக்குப் போன நாளில் காலை எட்டு மணிக்குக் கூடையை மாட்டினால் சாயங்காலம் வரை சரிவில் ஏறி இறங்கி நிற்பார், அந்த 60 கிராம் எங்கே போனதென்றே தெரியாது. ஓய்வு பெற்ற அன்றைக்குக் கூடை நின்றது. டீ நிற்கவில்லை. நானும் டீ குடித்துக்கொண்டேதான் இதை அவரிடம் சொன்னேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

தசைக்கு ஓர் அருமையான குணம் உண்டு. வேலை செய்யும் தசை இன்சுலின் மேஸ்திரியைக் கேட்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பிறகு பதினைந்து இருபது நிமிஷம் நடந்தால் அந்த நேரத்து ஏற்றம் குறைவதற்கு இதுதான் காரணம். தொடர்ந்து நடந்தால் முதலில் கரைவது வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு, எடை மிஷின் அசைவதற்கு முன்பே. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துப் பார்த்து 2006ல் வெளியிட்டார்கள். நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டுமே நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை 26.4 சதவீதம். இரண்டும் சேர்ந்தாலும் அதற்கு மேல் பெரிதாகக் கூடவில்லை. நம் ஊர் உடம்புகளில், நம் ஊர்ச் சாப்பாட்டோடு எடுத்த கணக்கு.

மலையில் இருப்பவர்களுக்கு என்று ஒரு தகவல் வைத்திருக்கிறேன். ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் மலைச் சரிவில் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு மாதம் மலையில் ஏறுவது மட்டும் நடை, இறங்கக் கேபிள் கார். அடுத்த இரண்டு மாதம் கேபிள் காரில் ஏறி, நடந்து இறங்குவது. ஏறியதில் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், சர்க்கரையை உடம்பு சமாளிக்கும் திறன் கூடியது இறங்கியபோதுதான். இறங்குவதெல்லாம் ஒரு நடையா என்று கேட்போம் இல்லையா, அந்த நடையில். கோத்தகிரி பஜாருக்குப் போகும்போது பஸ், திரும்பும்போது நடை என்று இருக்கிறவர்கள் உங்கள் வீடு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். முட்டி வலி உள்ளவர்கள் மட்டும் இறக்கத்தில் ஜாக்கிரதை, ஒரு தடியை ஊன்றிக்கொள்ளுங்கள்.

ஊட்டிக் குளிரில் பழுப்புக் கொழுப்பு எரியுமே என்று ஒரு கல்லூரி மாணவி எழுதிக் கேட்டிருந்தார். எரியும், குளிரில் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துச் சூடு உண்டாக்கும் கொழுப்பு அது, பெரியவர்களிடமும் இருக்கிறது. ஆனால் அதற்கும் வயசாகிறது, குறைகிறது. தவிர, நாம் குளிருக்கு ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லா, அடுப்போரம் என்று ஏற்பாடாக இருக்கிறோம். அதை நம்பிச் சர்க்கரை போட்டுக்கொள்ள வேண்டாம்.

இடுப்பளவு எடுப்பது எப்படி என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணிக்கு மேல் இல்லாமல், சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு. வயிற்றை எக்கிக்கொண்டு நின்று என்னை ஏமாற்றப் பார்ப்பவர்கள் தினம் இரண்டு பேராவது வருகிறார்கள். டெய்லர் டேப் போதும். வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பெண்களிடம் கேட்டால் சர்க்கரையும் பார்த்துவிடுவார்கள்.

அந்த அம்மாவுக்கு மெட்ஃபார்மின் ஆரம்பித்தேன், புண்ணுக்குக் கட்டுப் போட்டேன். ஆறு வாரத்தில் புண் ஆறியது. சர்க்கரை இல்லாத டீ டீயே இல்லை என்று இரண்டு தடவை சண்டை போட்டார். கடைசியில் நாளைக்கு மூன்று டீ, டீக்கு அரை ஸ்பூன் என்று இருவரும் உடன்பட்டோம். புண் ஆறிய பிறகு தினமும் காலையில் மகனோடு ஜீப்பில் மேலே தோட்டத்துக்குப் போய்விட்டு, பழைய கொழுந்துப் பாதையிலேயே நடந்து இறங்கி வருகிறார். பாதி வழியில் பழைய தோழிகள் பறித்துக்கொண்டிருப்பார்களாம், பேசிக்கொண்டு நிற்பதில் நேரம் போய்விடுகிறதாம்.

போன வாரம் வந்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 128. நான் டேப்பை எடுப்பதற்குள் நாடாவின் முனையைக் காட்டினார். முடிச்சு விழுந்திருந்த பழைய தடத்துக்கு இரண்டு விரல் உள்ளே தள்ளிப் புது முடிச்சு. "நீங்க அளக்கவே வேண்டாம் டாக்டரம்மா" என்றார்.

அளந்தேன். 82. இன்னும் இரண்டு சென்டிமீட்டர் பாக்கி இருக்கிறது என்றேன். எடை எவ்வளவு என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேருமே அன்றைக்கு எடை பார்க்க மறந்துபோயிருந்தோம்.

வணக்கம்.